ஒரு வாய்க்கு எதற்கு மாமா எட்டு ஓட்டை?

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொண்டது. கடிதம் எழுதியதற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கையில் ஃபோனை வைத்துக்கொண்டு யாராவது சொந்த மாமாவுக்குக் கடிதம் எழுதுவார்களா என்று நீங்கள் கேட்பது இங்கே வரை கேட்கிறது. ஃபோன் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் "ம்" கொட்டுவேன். நேரில் என்றால் அந்த "ம்"மும் வெளியே வராது. கடிதத்தில் மட்டும்தான் நீங்கள் குறுக்கே பேச முடியாது. கேபிள் கட்டுகளுடன் நாளை உங்களிடம் வேலைக்கு வரும் ஒயரண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடிக்கும் வரை அவரைத் திட்ட வேண்டாம். முடித்த பிறகு உங்கள் இஷ்டம்.

இங்கே அம்மா, அப்பா, அத்தை எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே விளையாட்டுப் போட்டிக்கு நீங்கள் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிகள் எல்லாம் நலமாக அலறும் என்று நம்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை நான் கடையில் இருந்தபோது நீங்கள் ஃபோனை வைத்தீர்களே, அதன் பிறகு என்னோடு பேசவில்லை. அம்மா கேட்டதற்கு, "அவதான் படிச்சவளாச்சே, அவளுக்கு எல்லாம் தெரியும்" என்றீர்களாம். மாமா, நடந்ததை முறையாக நானே சொல்லிவிடுகிறேன். தெருவில் யாரையாவது கேட்டால் பாதி கூட்டிச் சொல்வார்கள். மீதிப் பாதி உண்மையாக இருக்கும், அதுதான் இன்னும் மோசம்.

நான் பட்டம் வாங்கி எத்தனை இடத்துக்கு நேர்காணலுக்குப் போய்வந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு முறையும் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டவர் நீங்கள்தான். உள்ளே என்ன நடந்தது என்று மட்டும் நான் சொன்னதில்லை. கடைசியாகப் போன இடத்தில், "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்றார்கள். "சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லைங்க, நன்றி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் யார் முகத்தையும் பார்க்காமல், காகிதத்தைப் பார்த்துப் படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் நடுங்காது. கல்லூரியில் பார்வையில்லாத தோழிக்கு வருடம் முழுக்கப் பாடம் படித்துக் காட்டியது நான்தான். அவள்தான் என்னைப் பற்றி ஒரு பதிப்பகத்தில் சொன்னாள். பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடங்களைக் குரலில் பதிவு செய்யும் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். மாதிரிக்கு ஒரு பாடம் படித்து அனுப்பச் சொன்னார்கள். நீங்கள் கொடுத்த பழைய மைக்கை ஒரு மாற்றுமுனை போட்டு லேப்டாப்பில் நேராகச் செருகி, மண்புழு பாடத்தைப் படித்து அனுப்பினேன். பதிப்பகத்து அம்மா போட்ட பதிலின் முதல் வரி இது: "குரல் நன்றாக இருக்கிறது, பின்னால் என்ன பொரித்துக்கொண்டிருக்கிறீர்கள்?"

ஒன்றும் பொரிக்கவில்லை மாமா. லேப்டாப்புக்குள் இருக்கும் ஒலிப் பகுதி அவ்வளவு மட்டமானது. குரலோடு சேர்த்துத் தன் வயிற்று இரைச்சலையும் பதிவு செய்துவிடுகிறது. வெளியே இருந்து மாட்டுகிற சவுண்டு கார்டு ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்று அவரே எழுதி, அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் வேறு மாதிரி அனுப்பச் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்து நான் வாயைத் திறந்து செய்யக்கூடிய வேலை உலகத்தில் இது ஒன்றுதான். இதுவும் போனால் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு அதற்குக் கீழே நானும் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். உங்களுக்கு அன்று ஃபோன் செய்தேன். "சவுண்டு கார்டா? அதப் போயி எவனாவது வாங்குவானா? நம்ம குடோன்ல இருக்கறத வெச்சு ஒரு ஊரையே எழுப்பலாம். ஒயர அனுப்பறேன், நீ பேசாம இரு" என்றீர்கள். நானும் பேசாமல் இருந்தேன். எனக்கு நன்றாக வரும் காரியம் அது.

மறுநாள் காலை ஒயரண்ணன் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார். கதவு என்றுதான் நினைத்தேன். மேசை மேல் வைத்த பிறகுதான் அது எட்டு மைக் செருக எட்டு ஓட்டை வைத்த உங்கள் மிக்சர் என்று தெரிந்தது. மேசையில் அது உட்கார்ந்த பிறகு லேப்டாப்புக்கு இடமில்லை, லேப்டாப் முக்காலிக்குப் போனது, முக்காலியில் இருந்த நான் கட்டிலுக்குப் போனேன், கட்டிலில் மடித்து வைத்திருந்த துணியெல்லாம் அப்பாவின் நாற்காலிக்குப் போனது, உட்கார வந்த அப்பா எங்கே போவது என்று தெரியாமல் வேலைக்கே போய்விட்டார். ஒயரண்ணன் மும்முரமாக ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக ஒரு ஒயர் மொட்டை மாடிக்கு ஏன் போகிறது என்று கேட்டேன். "அது எர்த்து மாதிரி தங்கச்சி, நீ கண்டுக்காத" என்றார். பெரிய ஹெட்போன் ஒன்றை என் தலையில் கவிழ்த்துவிட்டு, "படி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

படித்தேன். ஹெட்போனில் என் குரல் லேசாக இரண்டாகக் கேட்டது. பெரிய மிக்சர் அல்லவா, தரம் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். மண்புழுவுக்குக் கண் கிடையாது, காது கிடையாது என்று ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுத் தையலக்காவின் மெஷின் தடதடவென்று உள்ளே வந்தது. எரிச்சலில் எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வதுபோல், "இந்தத் தையலக்கா எந்தக் கப்பலுக்குப் பாய் தைக்கிறாங்களோ, நிறுத்தவே மாட்டாங்க" என்று முணுமுணுத்தேன். மெஷின் நின்றது. நல்ல நேரம் என்று மறுபடியும் ஆரம்பித்தேன். எதிர்வீட்டு ரிட்டையர்டு சார் மகனோடு ஃபோனில் பேச ஆரம்பித்தார். "சார் போடற சத்தத்துக்கு ஃபோனே தேவையில்ல, நேரா அவர் பையனுக்கே கேட்கும்" என்றேன். சார் நின்றார். தெருக்கோடியில் டைல்ஸ் அறுக்கும் மெஷின் மட்டும் பாக்கி. "அந்த மேஸ்திரி சாப்பிடப் போனாத் தேவலை" என்றேன். மணி பதினொன்றுகூட ஆகவில்லை மாமா, மனுஷன் போய்விட்டார்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறந்ததிலிருந்து நான் நினைத்த எதுவும் நடந்ததில்லை, அன்று நினைத்ததெல்லாம் நடந்தது. உலகமே எனக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறது என்ற தெம்பில் மண்புழுவை ஒரு மகாராணி மாதிரி படித்தேன். அது மண்ணை விழுங்கும் இடத்தில் எனக்கே கண் கலங்கியது. நடுவில் கை தவறி மிக்சரின் ஏதோ குமிழைத் திருப்பிவிட்டு, உங்களைப் பற்றியும் ஒரு வரி சொன்னேன். நீங்கள் வேறு யார் மூலமோ கேள்விப்படுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்: "மாமாகிட்ட ஊசி கேட்டா கடப்பாரையத் தூக்கிக் குடுத்துட்டு, குத்திப் பாரு சூப்பரா இருக்கும்பாரு."

அப்போதுதான் அம்மா, தெருமுனை சலவைக் கடையில் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அந்த முழங்காலோடு ஓடி வந்தார்.

"அடியே, நிறுத்துடி! நீ பேசறது கடை வரைக்கும் கேக்குது!"

"எதும்மா?"

"எல்லாந்தான்! கப்பலும், கடப்பாரையும்!"

ஹெட்போனைக் கழற்றினேன். "எல்லாந்தான்" என்று அம்மா மறுபடியும் சொன்னது மைக்கில் போய், மொட்டை மாடியிலிருந்து இன்னொரு அம்மாவாக இறங்கி வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்தபடி, உங்களுடைய பெரிய குழாய் ஸ்பீக்கர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒயரண்ணனை வரவழைத்துக் கேட்டால், அவருக்கு நான் கேட்பதே புரியவில்லை. "குழாய் இல்லாம மைக்கு மட்டும் எப்படித் தங்கச்சி? பேசினா எங்கயாச்சும் கேக்கணும்ல? இத்தனை வருசமா அண்ணன்கிட்ட நான் கத்துக்கிட்டதே அதான்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மைக் என்றால் அதன் மறுமுனையில் ஒரு குழாய் இருக்கும், குழாய்க்கு எதிரே ஊர் இருக்கும். நம் குடும்பத்தில் வேறு எதற்காகவும் யாரும் மைக்கைத் தொட்டதில்லை. பதிவானதைப் போட்டுக் கேட்டேன். நான் ஒரு வரி படிக்க, மாடியிலிருந்து இன்னொருத்தி அதையே அரை மூச்சு தாமதமாகப் படித்து என்னைக் கேலி செய்துகொண்டிருந்தாள். அந்த மாதிரியும் குப்பைக்குப் போனது.

அன்று மாலை அந்தத் தெருவில் நான் நடந்து போக வேண்டியிருந்தது மாமா, தண்ணீர் கேன் வாங்க. இருபத்திரண்டு வருடமாக என் குரலைக் கேட்காத தெரு. தையலக்கா வாசலில் நின்று, "ஏம்மா, கப்பலுக்குப் பாய் தைச்சு முடிச்சாச்சு, அனுப்பட்டா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். விடவில்லை. "அது கெடக்கட்டும், அந்த மண்புழுவ ரெண்டா வெட்டுனா என்ன ஆகும்னு சொல்ல வந்தே, அதுக்குள்ள உங்கம்மா வந்துட்டாங்க. என்னதான் ஆகும்?" என்றார். ரிட்டையர்டு சார் என்னைப் பார்த்ததும் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், மகன் உள்ளே பேசிக்கொண்டேதான் இருந்திருப்பான். மேஸ்திரி மட்டும், "நாளைக்கும் இதே நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லும்மா, நல்லாருக்கு" என்றார். வெட்கத்தில் செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் சாகவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒன்று தோன்றியது. என் வாழ்க்கையில் நடக்கக்கூடிய மிகப் பெரிய மானக்கேடு நடந்து முடிந்துவிட்டது. இனிமேல் ஒரு கடையில் போய் ஒரு பொருளைக் கேட்டு வாங்குவதற்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?

பயப்படவில்லை. இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்து சவுண்டு கார்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு, உங்கள் மைக்கைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அங்கே நடந்ததில் பாதியை நீங்கள் ஃபோனில் கேட்டீர்கள், ஏனென்றால் அப்பா உங்களைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டார். அப்பா பேருந்துப் பணிமனையில் எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவர், ஆனால் கடைக்காரர்களைக் கண்டால் அவருக்கும் என்னைப் போலத்தான். விற்பனையாளர் எடுத்த எடுப்பில் பட்டாசுப் பெட்டி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"இதுதான் மேடம் இப்ப எல்லாரும் வாங்கறது. ஏழு கலர்ல மாறி மாறி எரியும்."

"ராத்திரி விளக்குக்கும் ஆச்சு" என்றார் அப்பா.

மேசையிலிருந்து நீங்கள், "எத்தனை ஓட்டைன்னு கேளு மச்சான்! ஓட்டைய எண்ணு!" என்றீர்கள். கடையில் இருந்த எல்லோரும் எண்ண ஆரம்பித்தார்கள்.

"இது செவன் பாயிண்ட் ஒன் சார்" என்றார் விற்பனையாளர், ஃபோனைப் பார்த்து மரியாதையாக.

"அந்தப் பாயிண்ட்டு ஒண்ணு எதுக்குப்பா? கொசுறெல்லாம் வேணாம், முழுசா எட்டாக் குடு!"

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். அந்த ஏழு, ஒன்று எல்லாம் சத்தத்தை வெளியே அனுப்புவதற்கு, விளையாடுகிறவர்களுக்கு நாலா பக்கமும் துப்பாக்கி வெடிப்பதற்கு. எனக்கு வேண்டியது உள்ளே வருகிற வழி. உங்கள் தொழில் குரலை வெளியே தள்ளுவது மாமா, இந்த வேலை குரலை உள்ளே வாங்குவது. வழி ஒன்றுதான், போகிற திசைதான் வேறு. இதை விற்பனையாளரிடம் சொன்னேன், நடுங்காமல். மைக்கை எடுத்துச் செருகிப் பார்க்க வேண்டும் என்றேன். "கடையில அதெல்லாம் பழக்கமில்ல மேடம்" என்றார். "பழக்கப்படுத்திக்கலாம்" என்றேன். அப்பா என்னை யாரோ என்பதுபோல் பார்த்தார்.

முதலில் கட்டைவிரல் அளவு ஒன்றைச் செருகினார். உங்கள் மைக் கனமான மைக், மேடையில் கத்திப் பேசுகிறவர்களுக்குச் செய்தது. அது கொடுக்கிற சத்தம் ரொம்பச் சின்னது, அதைத் தூக்கிவிடுகிற பலம் அந்தக் கட்டைவிரலுக்கு இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. அடுத்து, மூலையில் தூசியோடு இருந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டி எடுக்கச் சொன்னேன். மூன்று முள் மைக் செருகுவதற்கு ஒரு ஓட்டை, ஹெட்போனுக்கு ஒன்று, திருக ஒரு குமிழ், லேப்டாப்புக்கு ஒரு ஒயர், அவ்வளவுதான். மைக்கைச் செருகி, குமிழை முக்கால்வாசி திருகி, அத்தனை பேர் முன்னால் மண்புழுவை ஆரம்பித்தேன். ஹெட்போனில் என் குரல் மட்டும் கேட்டது மாமா. பொரியல் இல்லை, இரைச்சல் இல்லை, பின்பாட்டு இல்லை. என் குரல் இப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"மேடம், இதுல லைட்டே எரியாதே" என்றார் விற்பனையாளர் வருத்தத்தோடு.

"எரிய வேணாங்க. நான் பேசும்போது அது பேசாம இருந்தாப் போதும்."

அப்போதுதான் நீங்கள், "பாப்பா, ஒரே ஓட்டையா? விவரம் தெரியாமப் பேசாத!" என்றீர்கள். நான், "ஒரு வாய்க்கு எதுக்கு மாமா எட்டு ஓட்டை?" என்றேன். கடையே சிரித்தது. நான் சிரிக்கவைக்கச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னேன். அந்தச் சிரிப்பு ஃபோன் வழியாக உங்களுக்கும் கேட்டிருக்கும். பிறகு, "அப்ப மாமா எதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். நீங்கள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டீர்கள்.

மாமா, அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. திரும்ப அந்தக் கடைக்குப் போனாலும் அதையேதான் எடுப்பேன். சந்தோஷமான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். நேற்று, அமைதியான ஓர் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பாடத்தை முழுக்கப் படித்து அனுப்பினேன். இன்று காலையே பதில் வந்துவிட்டது. வேலை எனக்குத்தான்! முதலில் ஒரு முழு அறிவியல் புத்தகம், பிறகு வரலாறு. அம்மா சலவைக் கடையில் இஸ்திரிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அப்பா பெட்டியின் குமிழை ஒருதடவை திருகிப் பார்த்துவிட்டு, "நல்ல டைட்டா இருக்கு" என்றார். அது அவர் வாயிலிருந்து வரும் பெரிய பாராட்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆக, இங்கே எல்லாம் நல்லபடியாக முடிந்தது. யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை, எனக்கு எதுவும் குறையில்லை, உங்களிடம் கேட்க ஒன்றுமில்லை. மிக்சரையும் குழாயையும் ஒயரண்ணன் துடைத்துக் கொண்டுபோய் வைத்துவிட்டார். நீங்கள் கோபத்தை மட்டும் அங்கேயே போட்டுவிட்டு, சீக்கிரம் திரும்பி வாருங்கள். நீங்கள் இல்லாமல் தெருவே வெறிச்சென்று இருக்கிறது.

போட்டி முடியும்வரை மழை வராமலும், மின்சாரம் போகாமலும், கேபிளை யாரும் மிதிக்காமலும் உங்களுக்கு எல்லாம் கூடிவர வேண்டும். வயதில் சின்னவள் வாழ்த்தக் கூடாது என்பார்கள். வேண்டிக்கொள்ளலாம் அல்லவா, வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கால் தொட்டு வணங்கும்,
அக்கா மகள்

பி.கு.: மேலே "சீக்கிரம் திரும்பி வாருங்கள்" என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து கொஞ்சம் நிறுத்திவையுங்கள். "கேட்க ஒன்றுமில்லை" என்பதையும்தான். அமைதியான இடம் என்று எழுதினேனே, அது உங்கள் குடோன். இந்தப் பெட்டி நல்ல பெட்டி, அதுதான் அதனிடம் உள்ள தொல்லை. நம் வீட்டில் வைத்துப் படித்தால் தண்ணீர்க் குழாய் சொட்டுவது, அப்பா பேப்பர் திருப்புவது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கோள் மூட்டிவிடுகிறது. அத்தைதான் சாவியைக் கொடுத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். நாலாபக்கமும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், அவற்றின் மேல் பஞ்சு வைத்துத் தைத்த உறைகள், மூலையில் மடித்த கம்பளிகள். மாமா, நம் தெருவிலேயே, ஏன், நான் போன இடங்களிலேயே, அவ்வளவு சத்தமில்லாத இடம் வேறு இல்லை. ஆனால் அதற்கு உறைகள் மட்டும் காரணமில்லை, நீங்கள் ஊரில் இல்லாததும் ஒரு காரணம். குடோனுக்குள் இருக்கும் பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் தினமும் காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு ஸ்பீக்கராக "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்ப்பீர்களே, பத்து மணி வரை. டைல்ஸ் மெஷின் ஆரம்பிப்பதற்கு முந்தைய அதே இரண்டு மணி நேரம்தான் எனக்கும் நல்ல நேரம். அதனால் இன்னும் ஒரு மாதம் அங்கேயே உங்களுக்கு வேறு ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். அத்தைக்கும் அதில் பெரிய ஆட்சேபணை இல்லை.

ஆனால் இன்று வந்த பதிலில் இன்னொரு வரியும் இருந்தது. படித்தவரே கேட்டுச் சரிபார்க்கக் கூடாது, தன் தப்பு தன் காதுக்குக் கேட்காது, ஒவ்வொரு பாடத்தையும் படிக்கும்போதே இன்னொருவர் ஹெட்போனில் கேட்டுப் பிழை சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா கேட்டால் அழுகிறார். அப்பா கேட்டால் தூங்கிவிடுகிறார். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியில் எந்த ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது என்று சொல்கிற காது எனக்குத் தெரிந்து ஒருவரிடம்தான் இருக்கிறது. பெட்டியில் வாய்க்குத்தான் ஒரே ஓட்டை, காதுக்கு அப்படியில்லை. ஹெட்போன் ஒயரை இரண்டாகப் பிரித்துத் தர ஒயரண்ணன் சம்மதித்துவிட்டார். குடோனில் எனக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டுவைத்திருக்கிறேன். தப்பு வந்தால் கையைத் தூக்கினால் போதும், வாய் மட்டும் திறக்கக் கூடாது. போட்டி முடிந்து வரும் திங்கட்கிழமை காலை எட்டிலிருந்து பத்து வரை, பேசாமல், வந்து உட்காருவீர்களா மாமா?